தடை வந்தால் படம் ஓடுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் மூன்று நண்பர்களும் கைக்காசைப் போட்டு ஒரு பேய்ப்படம் எடுத்து முடித்திருக்கிறோம். மிகக் குறைந்த பட்ஜெட். ஒவ்வொருவராகச் சாகும் கதை. வாங்க ஆளில்லாமல் ஒரு வருடமாகக் கிடக்கிறது. ‘ஈவில் டெட்’ படமும் இப்படிக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு, பல நாடுகளில் தடைபட்டு, அந்தத் தடையாலேயே பெயர் வாங்கியது என்கிறார்கள். எங்களுக்கும் சென்சாரில் ஒரு பிரச்சினை வந்தால் விளம்பரம் தானாகக் கிடைக்கும் என்று என் நண்பர் உறுதியாக இருக்கிறார். அந்தப் படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. எந்தப் பதிப்பைப் பார்க்கலாம்?

கே.

அன்புள்ள தம்பி,

சமீபத்தில் ஒரு இளம் இயக்குநர் இதையே வேறு மாதிரி சொன்னார்: “யாராவது வழக்குப் போட்டால் போதும் சார், படம் பிழைத்துக்கொள்ளும்.” அவரிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் உங்கள் தலையில் விடியப்போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாழ்த்து. சொந்தக் காசில் ஒரு படத்தை முடிப்பதே பெரிய காரியம். அப்புறம் திட்டு. உங்கள் கடிதத்தில் காசு இருக்கிறது, தடை இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. உங்கள் பேய் எப்படிப்பட்டது என்று ஒரு வரி இல்லை.

இங்கிலாந்தில் 1980களின் தொடக்கத்தில் வீடியோ கேசட்டுக்குத் தணிக்கைச் சட்டம் கிடையாது. பத்திரிகைகள் கூச்சல் போட்டன. போலீஸ் கடைகளில் புகுந்து கேசட்டுகளை அள்ளியது. வழக்குப் போடத்தக்க படங்கள் என்று அரசு வழக்குத்துறை ஒரு பட்டியல் போட்டது. வெவ்வேறு சமயங்களில் அதில் இடம்பெற்றவை மொத்தம் 72 படங்கள். ஒழுக்கப் பிரச்சாரகர் மேரி வைட்ஹவுஸ், ‘ஈவில் டெட்’டைத்தான் முதல் குற்றவாளியாகக் கைகாட்டினார். சரி, மீதி 71 படங்களில் பத்தின் பெயரை உங்கள் நண்பரைச் சொல்லச் சொல்லுங்கள். கூகுளைப் பார்க்கக் கூடாது. அதே கூச்சல், அதே போலீஸ், அதே பட்டியல். ஆனால் ஒரு சிலதான் தேறின. மற்றவற்றின் பெயர் பட்டியல் சேகரிக்கும் பைத்தியங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, வரிசையைப் பாருங்கள். 1982-ல் கான் திரைப்பட விழாவில் திகில் எழுத்தாளர் ஸ்டீஃபன் கிங் படத்தைப் பார்த்துவிட்டுப் புகழ்ந்து எழுதினார். பிறகு அமெரிக்காவில் வெளியிட நியூ லைன் நிறுவனம் எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் 1983-ல் தியேட்டரிலும் கேசட்டிலும் ஒரே நேரத்தில் வந்து சக்கைப்போடு போட்டது. கெடுபிடியெல்லாம் அதற்குப் பிறகுதான். தியேட்டருக்காக 49 விநாடிகளை ஏற்கெனவே வெட்டியிருந்தார்கள். கேசட்டுக்கும் தணிக்கை என்று 1984-ல் சட்டம் வந்தது. 1990-ல் மறுபடியும் கேசட்டாக வந்தபோது இன்னும் கொஞ்சம் வெட்டு. முழுப்படம் அங்கே சட்டப்படி கிடைத்தது 2001-ல். நடுவில் லாபம் பார்த்தவன் கள்ளக் கேசட் போட்டவன். உங்கள் நண்பர் ஆசைப்படுவது இதற்குத்தானா?

ஜெர்மனியில் நடந்தது இன்னும் வேடிக்கை. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. மனிதர்கள் மீதான கொடூர வன்முறையைக் கொண்டாடுவதுதான் அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். திரையில் வெட்டுப்படுவதோ பேய் புகுந்த பிணம். அது மனிதக் கணக்கில் வருமா? வராது என்று 1992-ல் நீதிபதிகள் தீர்ப்பெழுதினார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

தணிக்கைக்காரர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று சொல்லவில்லை. மரங்கள் ஒரு பெண்ணைத் தாக்கும் காட்சி எனக்கும் பிடிக்காது; அதற்காகப் படத்தின் இயக்குநர் சாம் ரெய்மியே பின்னால் வருத்தப்பட்டார்.

நான் இந்தப் படத்தைப் பார்த்தது வாடகை டெக்கில், ஒரு நண்பன் வீட்டு மாடியில். பிரதிக்குப் பிரதி எடுத்த கேசட். முகமெல்லாம் பச்சை, ரத்தம் கறுப்பு. அங்கே இருந்த ஒருவனுக்கும் இங்கிலாந்துச் சங்கதி தெரியாது. ஆனால் காட்டுக்குள் ஏதோ ஒன்று தரையோடு தரையாக, கதை நடக்கும் மரவீட்டை நோக்கி ஓடிவந்தபோது, கிண்டலடித்துக்கொண்டிருந்தவன் வாயை மூடிக்கொண்டான். அந்த ஓட்டம் எப்படி எடுத்தது தெரியுமா? கேமராவை ஒரு மரப்பலகையில் பொருத்தி, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, புதரையும் சேற்றையும் தாண்டி ஓடினார்கள். நல்ல கருவிக்குக் காசில்லை. பேயின் உருவத்தைக் காட்டவே இல்லை. அது பார்ப்பதை நாம் பார்க்கிறோம், அதன் உறுமலைக் கேட்கிறோம், அவ்வளவுதான். அத்தனை மட்டமான பிரதியிலும் தேயாமல் நின்றது அதுதான். உங்கள் படத்தில் அப்படி ஒரு நிமிடம் இருக்கிறதா? இருந்தால் தடை எதற்கு? இல்லாவிட்டால் தடை வந்துதான் என்ன?

வாங்க ஆளில்லை என்கிறீர்கள். ‘ஈவில் டெட்’ எடுத்தவர்களுக்கும் ஆளில்லை. 1978-ல் ஒரு குறும்படம் எடுத்து, பல் டாக்டரிடமும் வக்கீலிடமும் போட்டுக் காட்டிக் காசு கேட்டார்கள். டென்னசியில் தண்ணீர் வசதிகூட இல்லாத ஒரு வீட்டில், குளிரில், சோளப்பாகு ரத்தத்தில் ஊறிக்கொண்டு எடுத்தார்கள். 1981 அக்டோபரில் டெட்ராய்ட்டின் ரெட்ஃபோர்டு தியேட்டரில் முதல் காட்சியை அவர்களே போட்டார்கள். பயத்தில் யாராவது மயங்கினால் தூக்கிப்போக என்று வாசலில் ஆம்புலன்ஸை நிறுத்தினார்கள்! மலிவான தந்திரம்தான். ஆனால் எந்த வழக்குக்காகவும் காத்திருக்கவில்லை பாருங்கள். முன்பின் தெரியாத ஐம்பது பேரை உட்காரவைத்து உங்கள் படத்தை ஒரு தடவை போட்டுக் காட்டினீர்களா? கடிதத்தைப் பார்த்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது. அதை முதலில் செய்யுங்கள். எங்கே சிரிக்கக் கூடாதோ அங்கே சிரிப்பார்கள். குறித்துக்கொண்டு வந்து எடிட்டிங்கில் உட்காருங்கள்.

பதிப்பா? வெட்டில்லாதது எதுவானாலும் சரி. அகலத்திரைக்காக மேலும் கீழும் நறுக்கியது ஒன்று உண்டு, அது வேண்டாம், 16 எம்.எம்.-ல் எடுத்த அந்தப் பழைய சதுரவாட்டச் சட்டகமே போதும். ஹெட்போன் போட்டுக்கொண்டு தனியாகப் பாருங்கள். நண்பரைக் கூப்பிடாதீர்கள், எந்த விநாடியை எங்கே வெட்டினார்கள் என்று காதருகே சொல்லிக்கொண்டே இருப்பார்.