சாட்ஸ்வொர்த் பலகாரக் கடைக்கு எந்த கார்டு மெஷின்?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான்: கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் இட்லி மாவும் செய்து விற்றுக்கொண்டிருந்தீர்கள், இப்போது சாட்ஸ்வொர்த்தில் சின்னதாக ஒரு கடை பிடித்திருக்கிறீர்கள். வங்கிக்காரர் மூன்று வருஷ ஒப்பந்தம் போட்டால் ஸ்பீட்பாயின்ட், அதாவது வங்கியின் கார்டு மெஷின், தருகிறேன் என்கிறார். வாடகையே இல்லாத மெஷின்களும் கடையில் விற்கின்றன. கணவரின் நண்பர் இணையத்தில் கார்டுப் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் போதும் என்கிறார். எதை எடுப்பது, ஊரில் க்யூஆர் ஒட்டினால் முடிகிற வேலைக்கு இங்கே ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு வாடகை இல்லாத மெஷினை விலைக்கு வாங்குங்கள். யோகோவோ ஐகோக்காவோ, இரண்டில் எது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஐகோக்கா நம் டர்பனிலேயே 2012-இல் தொடங்கியது, யோகோ கேப் டவுன்காரர்களுடையது. வங்கி ஒப்பந்தத்தில் இன்று கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு தீபாவளியும் ஒரு ஜனவரியும் கடையில் பார்த்த பிறகு, உங்கள் விற்பனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதே வங்கிக்காரரைக் கூப்பிடுங்கள்.

ஏன் ஜனவரி என்கிறேன்? இங்கே பலருக்கு டிசம்பர் சம்பளம் முன்கூட்டியே வந்துவிடும், அது விடுமுறையிலேயே கரைந்தும் போகும். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கிறது, சீருடை, புத்தகம், கட்டணம். அந்த மாதம் யாரும் பலகாரம் வாங்குவதில்லை. தீபாவளிக்கு மட்டும் வாசலில் நிற்க இடம் இருக்காது. நம் தொழில் ஒரே சீராக ஓடுகிற தொழில் இல்லை. அதனால் மெஷினைத் தேர்ந்தெடுக்கும்போது மெலிந்த மாதத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்களுக்குத் தரும் விலைப்பட்டியலில் இருப்பதை வைத்து நீங்களே மறுபடி போட்டுப் பாருங்கள். வாடகை இல்லாத மெஷின் 3 சதவீதம் பிடிக்கிறது, வங்கி மெஷின் 2 சதவீதமும் மாதம் 350 ராண்ட் வாடகையும் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் கார்டில் 8,000 ராண்டுக்கு விற்றால் முதலாவதற்கு 240 ராண்ட், வங்கிக்கு 510. மாதம் 20,000 என்றால் 600-க்கு 750. தீபாவளி மாதம் 60,000 ஓடினால் கணக்கு திரும்புகிறது: 1,800-க்கு 1,550. இரண்டும் சமமாகும் இடம் 35,000. கார்டு விற்பனை மாதாமாதம் அதைத் தாண்டி நிற்கிறதா என்று தெரியாமல் மூன்று வருஷத்துக்குக் கட்டுப்பட வேண்டாம்.

இந்த எண்கள் எல்லாவற்றின் மேலும் 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) ஏறும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வாட் சேர்க்காத விகிதம். 2.95 என்று போட்டிருந்தால் கையை விட்டுப் போவது ஏறத்தாழ 3.39. நீங்கள் வாட்டுக்குப் பதிவு செய்யாத வரை அதைத் திரும்பக் கேட்கவும் முடியாது.

அந்தப் பணம் எங்கே போகிறது என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பேரம் பேச உதவும். வாடிக்கையாளர் கார்டைத் தட்டும்போது பிடிக்கப்படுகிற தொகையில் ஒரு பங்கு அந்த கார்டைக் கொடுத்த வங்கிக்கு, ஒரு சின்னப் பங்கு விசா அல்லது மாஸ்டர்கார்டுக்கு, மிச்சம் உங்களுக்கு மெஷின் கொடுத்தவருக்கு. முதல் பங்கு எவ்வளவு என்பதை இந்த நாட்டில் ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கிறது. டெபிட் கார்டுக்கு அது குறைவு, கிரெடிட் கார்டுக்கு அதிகம். ஒரே விகிதம் சொல்லும் நிறுவனங்கள் இரண்டையும் கலந்து ஒரு எண்ணாகச் சொல்கின்றன. நம் கடைகளுக்கு வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் டெபிட் கார்டுதான், மாத ஆரம்பத்தில் முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டி தாத்தாக்களின் சாசா கார்டும் டெபிட்தான். அப்படியானால் கலப்பு விகிதத்தில் உங்கள் கடையிலிருந்து மெஷின் கொடுத்தவருக்கு நிற்பது கொஞ்சம் கூடுதல். விற்பனை ஏறிய பிறகு, "டெபிட்டுக்குத் தனியாக, கிரெடிட்டுக்குத் தனியாக, வெளிநாட்டு கார்டுக்குத் தனியாக விகிதம் எழுதித் தாருங்கள்" என்று வங்கியிடம் கேளுங்கள். அப்படிக் கேட்கிறவரிடம் அவர்கள் பேசுகிற விதமே வேறு. நான் டர்பன் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, மளிகைக் கடை வைத்திருக்கிறேன், இதை ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் பார்க்கிறேன்.

ஒப்பந்தத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். எனக்குத் தெரிந்த ஒரு சேலைக் கடைக்காரர் கடையை மூடிய பிறகும் மெஷின் வாடகை கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. நோட்டீஸ் காலம், முன்கூட்டி முறித்தால் அபராதம், மாதக் குறைந்தபட்சக் கட்டணம், இந்த மூன்று வரியும் ஒப்பந்தத்தில் எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில், கால வரையறை உள்ள ஒப்பந்தத்தை 20 வேலை நாள் நோட்டீஸ் கொடுத்து முறிக்க வழி இருக்கிறது, நியாயமான அபராதம் கட்ட வேண்டியிருக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் கம்பெனியாக இருந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது. நீங்கள் உங்கள் பெயரிலேயே தொழில் நடத்துகிறீர்களா, கம்பெனி பதிவு செய்யப் போகிறீர்களா என்பது இதனால் முக்கியமாகிறது.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம், உங்களுக்கு மட்டும். கணவர் இந்த ஊர்க்காரர், நீங்கள் அவர் மனைவி என்ற விசாவில் இருக்கிறீர்கள். அந்த விசா தங்குவதற்கு மட்டும் என்றால் கடை நடத்த அனுமதி இல்லை. குடிவரவுச் சட்டத்தில் 11(6) என்று சொல்கிற பிரிவில் தொழில் செய்யலாம் என்று எழுதி வாங்கியிருக்க வேண்டும். மெஷின் கொடுக்கிறவர்கள், வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கச் சொல்லும் ஃபிக்கா சட்டப்படி, பாஸ்போர்ட், விசா, மூன்று மாதத்துக்கு உட்பட்ட முகவரிச் சான்று, வங்கிக் கணக்குக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். விசாவில் அந்த வரி இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், மெஷின் காத்திருக்கட்டும்.

ஸ்ட்ரைப் பற்றி: தென்னாப்பிரிக்கக் கடைக்கு ஸ்ட்ரைப் நேராகக் கணக்கு தருவதில்லை. அமெரிக்காவில் இருப்பவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுச் சொல்கிறார்கள். ஸ்ட்ரைப் 2020-இல் வாங்கிய பேஸ்டாக் இங்கே இருக்கிறது, பேஃபாஸ்ட், பீச் பேமென்ட்ஸ் போன்றவையும் இருக்கின்றன. இவை இணையத்தில் விற்கிறவர்களுக்கு. ஜோகன்னஸ்பர்க்குக்கு முறுக்கு அனுப்பத் தொடங்கினால் அப்போது பாருங்கள். அதிலும் போனில் கார்டு எண்ணைச் சொல்லக் கேட்டு மெஷினில் தட்டுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். "நான் வாங்கவில்லை" என்று வாடிக்கையாளர் பிறகு வங்கியில் சொன்னால் பணம் உங்களிடமிருந்து திரும்பப் போகும், முறுக்கும் திரும்பாது. கார்டு கடையில் இருக்க வேண்டும், சிப்பைச் செருகி ரகசியப் பின் எண்ணைப் போட வேண்டும். உங்களுக்குப் பலமான சாட்சி அதுதான்.

ஊரில் ஜிபே க்யூஆர் ஒட்டினால் போதுமே என்ற கேள்விக்கு வருகிறேன். ஊரில் யூபிஐக்கு வணிகரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2020 ஜனவரியிலிருந்து அரசாங்கமே வைத்திருக்கிறது. இங்கே அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. ஸ்னாப்ஸ்கான், ஸாப்பர் க்யூஆர் ஒட்டலாம், அவர்களும் சதவீதம் பிடிப்பார்கள். 2023 மார்ச்சில் பேஷாப் வந்தது, போன் எண்ணை வைத்தே உடனே பணம் அனுப்பலாம். தெரிந்த வாடிக்கையாளர்கள் மாவுக்கு அப்படி அனுப்பட்டும், நல்லதுதான். ஆனால் யாராவது "அனுப்பிவிட்டேன் ஆன்ட்டி" என்று போனில் ரசீதைக் காட்டினால், உங்கள் வங்கி ஆப்பில் பணம் வந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் டப்பாவைக் கொடுங்கள். போலி ரசீது காட்டி ஏமாற்றுவது இந்த ஊரில் தினசரி நடக்கிறது. கூச்சப்படாதீர்கள், நல்லவர்கள் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், ரொக்கமே போதும் என்று உங்கள் மாமியார் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அவருடைய காலத்தில் சரி. இன்று தொழில் கணக்கில் ரொக்கம் கட்டினால் வங்கி அதற்கும் கட்டணம் பிடிக்கிறது. மாசக் கடைசியில் கல்லாவில் பணம் நிறைந்திருப்பதைத் தெருவே அறியும், அந்தப் பணத்தோடு ஒரு பெண் தனியாகக் கடையைப் பூட்டிக்கொண்டு போவதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நூறு ராண்ட் கார்டு விற்பனைக்குக் கொடுக்கிற மூன்று ராண்டில் ஒரு பகுதி உங்கள் பாதுகாப்புக்குக் கொடுக்கிறதாகவே நான் எண்ணுகிறேன்.

மெஷின் வாங்கும்போது உள்ளே சிம் இருக்கிறதா, வைஃபையிலும் ஓடுமா என்று பாருங்கள். இரண்டும் வேண்டும். லோட் ஷெட்டிங் முன்பு போல இல்லை, ஆனாலும் கேபிள் திருட்டு, மழை என்று கரண்ட் போகத்தான் செய்கிறது, நேரம் ஆக ஆக டவர் பேட்டரியும் இறங்கிவிடும். ஈஸ்டருக்கு இசிபிங்கோ மாரியம்மன் கோவில் பக்கமோ தைப்பூசக் காவடிக்கோ கடை போட ஆசை என்றால், போனோடு இணைத்தால்தான் ஓடும் சின்ன மெஷினைவிடத் தனியாக ஓடுகிற மெஷின் நல்லது. கூட்டத்தில் எல்லோருடைய போனும் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும். இரண்டு வேறு நெட்வொர்க் சிம் கைவசம் இருக்கட்டும்.

பணம் என்றைக்குக் கணக்கில் ஏறும் என்பதை எழுத்தில் கேளுங்கள். சனி, ஞாயிறு விற்றது திங்களா, செவ்வாயா? திங்கள் காலை எண்ணெயும் அரிசியும் வாங்கப் போகிறவருக்கு அரை சதவீதத்தைவிட அந்த ஒரு நாள் பெரிது. ரீஃபண்ட் செய்யத் தனிப் பின் எண் வைத்து உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், உதவிக்கு வரும் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

சில மாதம் ஓடியதும் மெஷின் கம்பெனியே "முன்பணம் வேண்டுமா, தினசரி விற்பனையில் கழித்துக்கொள்கிறோம்" என்று செய்தி அனுப்பும். பொத்தானை அழுத்தினால் பணம் வந்துவிடும், அதுதான் பயம். தீபாவளிச் சரக்கு வாங்க என்றால் யோசிக்கலாம், ஏனென்றால் சில வாரத்தில் அது விற்றுக் காசாகிவிடும். வாடகை கட்டவோ வீட்டுச் செலவுக்கோ எடுத்தால் ஜனவரியில் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு துண்டு போய்க்கொண்டே இருக்கும்.

கடைசியாகக் கேட்டிருந்தீர்கள், கார்டு கொடுப்பவர்களிடம் 3 சதவீதம் சேர்த்து வாங்கலாமா என்று. வேண்டாம். வணிகர் ஒப்பந்தங்களில் பொதுவாக அதற்கு இடமில்லை, வாடிக்கையாளர் புகார் செய்தால் மெஷினையே எடுத்துக்கொண்டு போகலாம். விலையிலேயே சேர்த்துவிடுங்கள். 48 ராண்ட் முறுக்குப் பாக்கெட்டை 50 ஆக்குங்கள், ரொக்கமோ கார்டோ எல்லோருக்கும் ஒரே விலை.