கால்மிதியும் பேடும் மிலோவுக்கு ஒன்றுதான்

கேள்வி: எங்கள் வீட்டில் 5 மாத டாய் பூடுல் குட்டி இருக்கிறான், பெயர் மிலோ. சிங்கப்பூர் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு, 14வது மாடி. நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம், பகலில் மாமியார் மட்டும்தான். அவன் சிறுநீர் போக, ஈரத்தை உறிஞ்சும் பேட் விரித்து வைத்திருக்கிறோம். சில நாள் அதில் போகிறான். பல நாள் குளியலறை வாசல் கால்மிதியில் போகிறான், சாமி மேடைக்கு முன்னால் விரித்த பாயில்கூடப் போய்விடுகிறான். மாமியார் அவன் மூக்கைப் பிடித்து அதில் தேய்த்து அதட்டுகிறார். இப்போது சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகிறான். “வேண்டுமென்றே செய்கிறது, யாருக்காவது கொடுத்துவிடு” என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– செங்காங் வாசகி

பதில்: கொடுத்துவிடாதீர்கள் அம்மா. 5 மாதக் குட்டிக்கு வஞ்சம் வைக்கத் தெரியாது. சில நாளாவது பேடில் போகிறான் என்றால் பாதிப் பாடம் அவனுக்கு வந்துவிட்டது.

நாய்க்குட்டிகள் போகிற இடத்தைக் காலில் படும் தரையை வைத்தும் பழகிக்கொள்கின்றன. மெத்தென்று இருக்கும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அங்கே போகலாம் என்பதுதான் பேட் மிலோவுக்குச் சொல்லிக்கொடுத்தது. கால்மிதியும் அப்படித்தான் இருக்கிறது, பாயும் ஏறக்குறைய அப்படித்தான். அவனைப் பொறுத்தவரை வீடு முழுக்க நீங்கள் பேட் விரித்திருக்கிறீர்கள்! இன்றைக்கே கால்மிதி, பாய், கம்பளம் எல்லாவற்றையும் சுருட்டி எடுத்து வையுங்கள். கொஞ்ச மாதங்களுக்கு வெறும் டைல்ஸ் தரையே போதும். மாமியார் சாமி கும்பிட உட்காரும்போது பாயை விரித்து, எழுந்ததும் எடுத்துவிடலாம். செல்லப்பிராணிக் கடைகளில் மேலே பிளாஸ்டிக் வலை போட்ட தட்டு கிடைக்கும். பேடை அதற்குள் வைத்தால் மிதிக்கும்போதே வித்தியாசம் தெரியும், கடித்துக் கிழிக்கவும் முடியாது.

மூக்கைத் தேய்ப்பதை மட்டும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். எப்போதோ போனதற்கு இப்போது கிடைக்கும் தண்டனையை நாயால் முடிச்சுப் போட்டுப் பார்க்க முடியாது. அவனுக்குப் புரிவதெல்லாம், மனிதர்கள் இருக்கும்போது ஈரம் தரையில் இருந்தால் ஆபத்து என்பதுதான். அதனால்தான் சோபாவுக்குப் பின்னால் போகிறான். இந்தப் பயம் முற்றினால், நீங்கள் பேட் பக்கத்திலேயே நின்றாலும் உங்கள் கண் முன்னால் போக மாட்டான். அப்புறம் பாராட்டிப் பழக்குவதற்கு வாய்ப்பே கிடைக்காது. கண்ணெதிரே தவறான இடத்தில் போக ஆரம்பித்தால், சத்தம் போடாமல் தூக்கிப் பேடில் விடுங்கள். முடிந்த பிறகு பார்த்தால் ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிடுங்கள்.

துடைப்பதிலும் விஷயம் இருக்கிறது. வாசனைத் திரவம் போட்டு மாப் அடித்தால் நமக்கு மணக்கும், அவன் மூக்குக்குப் பழைய வாடை அப்படியே இருக்கும். அம்மோனியா கலந்தது இன்னும் மோசம், சிறுநீர் வாடையையே அது நினைவூட்டும். செல்லப்பிராணிகளுக்கென்று விற்கும் என்சைம் திரவம் வாங்கி, சோபாவுக்குப் பின்னாலும் சாமி மேடை முன்னாலும் நன்றாக ஊறவிட்டுத் துடையுங்கள். பேடை மாற்றும்போது பழைய ஈரத்தை ஒரு டிஷ்யூவில் ஒற்றி, புதிய பேடுக்கு அடியில் வைத்தால் அந்த வாடையே அவனை அங்கே கூப்பிடும்.

சரி, பகல் முழுக்க வீட்டில் இருப்பவர் மாமியார். அப்படியானால் மிலோவின் ஆசிரியர் அவர்தான், நீங்கள் இல்லை. வயதானவரைக் குட்டியின் பின்னாலேயே ஓடச் சொல்லக்கூடாது. மடக்கு வேலி ஒன்று வாங்கி ஒரு மூலையைத் தடுத்து, ஒரு பக்கம் படுக்கை, எதிர்ப்பக்கம் பேட் வையுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில், ஓடி விளையாடி முடித்ததும் குட்டிகளுக்கு முட்டிக்கொண்டு வரும். அந்த நேரங்களில் அவனைப் பேட் பக்கம் விட்டால் போதும். தரையை மோந்துகொண்டு வட்டமடித்தாலும் அதே அறிகுறிதான். பேடில் போய் முடித்த அந்த நொடியிலேயே, மாமியார் கையால் ஒரு துணுக்குத் தீனி. உப்பும் வெங்காயமும் சேராத வேகவைத்த கோழி, அல்லது கேரட். பிரசாதத்தில் இருக்கும் உலர்திராட்சையைத் தவறிக்கூடக் கொடுக்க வேண்டாம், நாய்க்கு அது நஞ்சு. போனதும் வேலியைத் திறந்து கொஞ்ச நேரம் கூடத்தில் விளையாட விடலாம். விபத்து இல்லாத நாட்கள் சேரச் சேர, திறந்துவிடும் நேரத்தைக் கூட்டுங்கள். தீனி கொடுக்கும் கையோடு நாய் ஒட்டிக்கொள்ளும். மாமியார் மனம் இளகுவதற்கும் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மாலையில் நீங்கள் கீழே அழைத்துப் போனால் நல்லதுதான், ஆனால் பேடை விட்டுவிடாதீர்கள். 14வது மாடியில் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரம் குட்டிக்கு அதிகம், மழை நாளிலும் பேட்தான் கைகொடுக்கும். பேடைக் குளியலறைக்கு மாற்ற நினைத்தால், தினமும் ஓரடிக்குக் குறைவாக நகர்த்துங்கள். ஒரே நாளில் தூக்கி வைத்தால் பழைய இடத்திலேயே வெறும் தரையில் போவான்.

இன்னும் சில வாரங்களில் மிலோ காலைத் தூக்கிச் சுவரோரம், நாற்காலிக் காலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்க ஆரம்பிக்கலாம். அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்தால் பல ஆண் நாய்களுக்கு இது குறைகிறது, எப்போது செய்யலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனாலோ, முக்கினாலோ, ரத்தம் தெரிந்தாலோ சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். அப்போது பயிற்சியை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.