இலை மூட்டை ஒரு வாரம் காத்திருக்கட்டும்

கேள்வி: வயது 43. கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம். ஸ்கேனில் கருப்பைக்குள் பாலிப் சதை என்றார்கள். கோவையில் கேமரா விட்டு எடுக்கப் போகிறார்கள். கருப்பையையே எடுத்துவிடுவார்களா? அன்றைக்கே ஊர் திரும்பலாமா? வேலைக்கு எப்போது போகலாம்?

பதில்: கருப்பையை எடுக்க மாட்டார்கள், சகோதரி. வயிற்றில் கீறலும் இல்லை, தையலும் இல்லை. பிறப்புறுப்பு வழியாக மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி, சதையை மட்டும் எடுப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் படிவத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மாதவிடாய் முடிந்த சில நாட்களுக்குள் செய்தால் உட்சுவர் மெல்லிசாக இருக்கும், சதை நன்றாகத் தெரியும்.

மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்பிருந்தே சாப்பிடக் கூடாது. குளிருக்கு விடியற்காலையில் ஒரு டம்ளர் பால் டீ குடிப்போமே, அதுவும் சாப்பாட்டுக் கணக்குதான். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து. வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை பரவாயில்லை. சர்க்கரை மாத்திரையோ, ரத்தத்தை இளக்கும் மாத்திரையோ சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் அன்றிரவு கீழேயே உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மயக்கம் தெளிந்த வயிறு மேட்டுப்பாளையம் தாண்டியதும் வளைவுக்கு வளைவு குமட்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டால், நடுவழியில் ரத்தப்போக்கோடு உட்கார்ந்திருக்க முடியுமா? முதல் 24 மணி நேரம் ஒருவர் கூடவே இருக்கட்டும்.

அப்புறம், ஓரிரு நாள் மாதவிடாய் வலி போல இருக்கும், பாராசிட்டமால் போதும். லேசான கசிவு இரண்டு வாரம் வரை போகலாம். அதுவரை தாம்பத்தியம் வேண்டாம். கசிவுக்குத் துணி வைக்கவும் வேண்டாம். பனியில் இரண்டு நாளானாலும் கொடியில் ஈரம் போகாமல் கிடக்கும் துணி கிருமிக்கு இடம் கொடுக்கும். கடை நாப்கினே நல்லது.

வீட்டு வேலையை இரண்டு நாளில் மெல்லத் தொடங்கலாம். இலை மூட்டையை மட்டும் ஒரு வாரம் தூக்காதீர்கள். ஆஸ்பத்திரியிலேயே லீவுச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் ரத்தம் போயிருப்பதால் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினால், அது ரத்தம் குறைந்ததாலும் இருக்கலாம்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, மாத்திரைக்கு அடங்காத வலி இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் சாதாரணச் சதையாகத்தான் இருக்கும். ஆனாலும் உதிரம் நின்றுவிட்டதே என்று அந்த ரிப்போர்ட்டை விட்டுவிடாதீர்கள். இன்னொரு முறை கீழே இறங்க வேண்டி வந்தாலும், அதில் என்ன இருக்கிறது என்று மருத்துவர் வாயால் கேட்டுக்கொண்டு வாருங்கள்.