நம்பர் எங்கே தொலைகிறது?

(அலுவலகத் தொலைபேசி பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, இன்டர்காம் வேலையிலேயே தலை நரைத்த ஒரு டெக்னீஷியனின் பதில்கள்)

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் பழைய ஈபிஏபிஎக்ஸ் (வெளி லைன்களை உள்ளே இருக்கும் போன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒன்று ஓடுகிறது. நான்கு வெளி லைன், இருபது எக்ஸ்டென்ஷன். யார் கூப்பிட்டாலும் ரிசப்ஷன் போனில் நம்பர் வந்துவிடும். சமீபத்தில் இரண்டு லைன்களைச் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாற்றினார்கள். அன்று முதல் அந்த இரண்டில் வரும் அழைப்புகளுக்கு நம்பர் வருவதில்லை. மற்ற இரண்டிலும் வருகிறது. "பெட்டிக்கு வயசாகிவிட்டது, புதுசு போட்டுவிடலாம்" என்கிறார் டீலர். போடத்தான் வேண்டுமா ஐயா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். வயசானது நான்கு லைனுக்கும் சேர்த்துத்தானே? இரண்டில் மட்டும் எப்படி நம்பர் வரும்?

முதலில் ஒரு சின்ன வேலை. ஃபைபர் லைன் ஒன்றையும் பழைய லைன் ஒன்றையும் ஈபிஏபிஎக்ஸில் இடம் மாற்றிச் செருகுங்கள். கோளாறு லைனோடு போகிறதா, பழைய துளையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். துளையிலேயே நின்றால், அந்தத் துளையின் (போர்ட்) செட்டிங்கையோ, வெளி லைன்கள் வந்து சேரும் டிரங்க் கார்டையோ பார்க்க வேண்டும். சில பழைய மாடல்களில் காலர் ஐடி, அதாவது கூப்பிடுபவரின் நம்பர், படிப்பதற்கென்று தனியாக ஒரு சின்ன கார்டு செருகியிருப்பார்கள். அது எல்லா லைனுக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. கோளாறு லைனோடு போனால் மேற்கொண்டு படியுங்கள். உங்கள் விஷயத்தில் அதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

நம்பர் வருவதில் பல முறைகள் உண்டு. உங்களுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று டிடிஎம்எஃப்: பட்டனை அமுக்கும்போது கேட்கிற அதே ஒலிகளில், பெரும்பாலும் முதல் மணி அடிப்பதற்கு முன்பே எக்ஸ்சேஞ்ச் நம்பரை அனுப்பிவிடும். மற்றது எஃப்எஸ்கே: பெரும்பாலும் முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில் உள்ள மௌனத்தில், இரண்டு ஒலிகள் மாறி மாறி ஒலிக்க, நொடிக்கு 1200 பிட் வேகத்தில், நம்பரோடு தேதியும் நேரமும்கூட வரும். இதிலும் அமெரிக்க வழி 1200, 2200 ஹெர்ட்ஸ் ஒலிகள். ஐரோப்பிய வழி 1300, 2100. நல்லவேளையாக இவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலான கருவிகள் எது வந்தாலும் படித்துவிடும். ஆனால் டிடிஎம்எஃப்-புக்குக் காத்திருக்கிற பெட்டிக்கு எஃப்எஸ்கே அனுப்பினால், விருந்தாளி முன்வாசலில் நிற்க நாம் பின்வாசலில் காத்திருந்த கதைதான்.

உங்கள் பழைய எக்ஸ்சேஞ்ச் டிடிஎம்எஃப் கொடுத்திருக்கும். ஃபைபர் பெட்டியில் உள்ள போன் துளையோ எஃப்எஸ்கே கொடுக்கிறது. இது என் ஊகம். உறுதி செய்ய ஈபிஏபிஎக்ஸ் புரோகிராமிங் புத்தகத்தில் டிரங்க் பகுதியைப் பாருங்கள். காலர் ஐடி வகை என்று லைன் வாரியாக ஒரு செட்டிங் இருக்கும். அந்த இரண்டு லைனுக்கும் மட்டும் மாற்றிப் பார்த்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. "சாதாரண காலர் ஐடி போனை நேரடியாகச் செருகிப் பார்த்தோம், நம்பர் வருகிறது, அப்படியானால் ஈபிஏபிஎக்ஸ்தான் கெட்டுவிட்டது" என்று டீலர் சொல்லக்கூடும். அந்தச் சோதனை அவசியம்தான், லைனில் நம்பர் வருகிறது என்று அது காட்டும். எந்த முறையில் வருகிறது என்று காட்டாது. கடையில் விற்கிற போன்களில் பல இரண்டு முறையையும் தானாகவே கண்டுகொள்ளும். பழைய ஈபிஏபிஎக்ஸுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஈபிஏபிஎக்ஸில் ஒரே முறைதான் உண்டு என்றால் ஃபைபர் பக்கம் மாற்ற வேண்டும். ஃபைபர் பெட்டியின் போன் செட்டிங் பெரும்பாலும் சேவை கொடுப்பவர் கையில் இருக்கும். "காலர் ஐடி வரவில்லை" என்று புகார் எழுதினால், "உங்கள் கணக்கில் சேவை ஆனில் இருக்கிறது" என்று பதில் சொல்லிப் புகாரை மூடிவிடுவார்கள். "போன் போர்ட்டில் காலர் ஐடி வகையை எஃப்எஸ்கே-யிலிருந்து டிடிஎம்எஃப்-புக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று கேளுங்கள்.

அப்புறம் நேரம். எஃப்எஸ்கே-க்கு மாறிய பிறகு முதல் மணியிலேயே யாராவது எடுத்துவிட்டால் நம்பர் வராது; அது வருவதே அதற்குப் பின்னால்தானே. வரவேற்புக் குரல் போடுகிற கார்டு இருந்தால், இரண்டாவது மணிக்குப் பிறகு எடுக்கும்படி வையுங்கள். ரிசப்ஷனில் சுறுசுறுப்பான ஆள் இருந்தால் அவரிடமும் சொல்லி வைக்க வேண்டும், பாவம், உடனே எடுத்ததற்காக யாரும் அவரைத் திட்டக்கூடாது.

கேள்வி: ரிசப்ஷனில் வெளி நம்பர் தெரிகிறது. எனக்கு டிரான்ஸ்ஃபர் செய்தால் என் போனில் ரிசப்ஷன் நம்பர்தான் வருகிறது. ஏன்?

பதில்: உங்களைக் கூப்பிட்டது ரிசப்ஷன்தானே, அதனால். டிஸ்ப்ளே உள்ள டிஜிட்டல் கீ-போன் என்றால், ரிசப்ஷனிஸ்ட் ரிசீவரை வைத்ததும் வெளி நம்பருக்கு மாறும். சாதாரண போனுக்கு மணி அடிக்கிற சமயத்தில் வந்த நம்பரோடு சரி. உங்களிடம் பேசாமல் நேராகத் தள்ளிவிடுகிற டிரான்ஸ்ஃபரில் வெளி நம்பரையே அனுப்பும் வசதி சில பெட்டிகளில் உண்டு.

கேள்வி: எங்கள் லைனில் சில நாள் நம்பர் வருகிறது, சில நாள் காலியாக இருக்கிறது. பேச்சில் லேசாகக் கரகரப்பும் இருக்கிறது. தப்பான நம்பர் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

பதில்: கடைசி வரியில் நல்ல துப்பு கொடுத்திருக்கிறீர்கள். எஃப்எஸ்கே-யில் செய்தியின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண் வரும். நடுவில் ஒரு பிட் கெட்டாலும் கணக்கு உதைக்கும், போன் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடும். அதனால்தான் ஒன்று முழுசாக வருகிறது, இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. டிடிஎம்எஃப்-பாக இருந்தால் இரைச்சலில் ஒரு இலக்கம் விழுங்கப்பட்டு மிச்சம் வரும்.

ஆகவே உங்கள் கோளாறு கம்பியில். சுவரில் லைன் வந்து சேருகிற சின்னப் பெட்டியை (ரோசட்) கழற்றி ஸ்க்ரூவைப் பாருங்கள், பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் கம்பியின் நுனியை வெட்டி, புதிதாகச் சீவி முறுக்குங்கள். ஜங்ஷன் பெட்டியில் டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் அதையும் விடாதீர்கள். அதே லைனில் பிராட்பேண்ட் வருகிறதென்றால் பேச்சையும் பிராட்பேண்டையும் பிரிக்கிற ஃபில்டர் இல்லாமல் எந்தப் போனும் தொங்கக்கூடாது. யாரோ என்றைக்கோ மாட்டி மறந்துபோன ஃபேக்ஸ் ஒன்று மேல்மாடியில் இருக்கும், அதைத் தேடுங்கள்.

'பி' அல்லது 'பிரைவேட்' என்று வந்தால் கோளாறு இல்லை, கூப்பிட்டவர் நம்பரை மறைத்திருக்கிறார். 'ஓ' என்று வந்தால் நம்பர் உங்கள் எக்ஸ்சேஞ்ச் வரை வந்து சேரவில்லை.

கேள்வி: நம்பர் சரியாக வருகிறது. அதைத் தேர்ந்தெடுத்துத் திருப்பிக் கூப்பிட்டால் போகமாட்டேன் என்கிறது.

பதில்: வெளி லைன் எடுக்க 0 அல்லது 9 அமுக்குகிறீர்கள் அல்லவா? பட்டியலில் உள்ள நம்பருக்கு முன்னால் அது இல்லை. ஈபிஏபிஎக்ஸில் அதைத் தானாகச் சேர்க்கும் செட்டிங் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் நம்பரைப் பார்த்துக் கையால் அமுக்க வேண்டியதுதான்.