மின் பொறியியல் பேராசிரியர் கல்லூரி முதல்வராவது எப்படி?

கோவையில் மின் பொறியியல் கற்பிக்கும் உதவிப் பேராசிரியர் முதல்வராக என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். விதிப்படி முனைவர் பட்டம், ஆய்வுக் கட்டுரைகள், 15 ஆண்டு அனுபவம், அதில் 3 ஆண்டாவது பேராசிரியர் நிலையில்.

ஆனால் ஆளை உருவாக்குவது பட்டறைதான். பீளமேட்டில் 1951-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்கூடத்தோடு ஒரே வளாகத்தில் வளர்ந்தது. அதன் முதல் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன் பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். கலைக்கதிர் இதழ் வழியே அறிவியலைத் தமிழில் கொண்டுசேர்த்தார், எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

பட்டறை அறிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஸ்டார் இணைப்புள்ள (மூன்று சுருள்களின் ஒரு முனை ஒன்றாகச் சேர்ந்த) மும்முனை மின்சாரப் பம்ப் மோட்டாரில் இரண்டு ஃபேஸ் (மின்முனை) சுருள்கள் கருகி, மூன்றாவது மட்டும் புதிதுபோல் இருந்தால், ஒரு ஃபேஸ் மின்சாரம் வராமலே ஓடியிருக்கிறது. மோட்டாரைப் பிரித்து இதைக் காட்டும் ஆசிரியரை மாணவரும் தொழில் முனைவோரும் தேடி வருவார்கள்.

துறைத் தலைவர் பொறுப்பு வந்தால் தட்டிக்கழிக்காதீர்கள். நிதிக் கணக்கும் அங்கீகாரக் கோப்புகளும் அங்கேதான் கைவரும்.