கிறிஸ்தவங்கன்னு பேர் வச்சது யாரு? சர்ச்ங்கிற அமைப்பை இயேசுவே ஆரம்பிச்சாரா?

கேள்வி ரெண்டு இருக்கு, முதல்ல பேர் மேட்டருக்கு வரேன், ஏன்னா அதுதான் சுவாரசியம்.

ஆரம்பத்துல இயேசுவைப் பின்பற்றினவங்களுக்குன்னு தனிப் பேரே கிடையாது. ஜெருசலேம்ல இருந்த யூதங்கதான், கோயிலுக்கும் போய்ட்டுத்தான் இருந்தாங்க. தங்களுக்குள்ள சகோதரர், சீஷர், பரிசுத்தவான்கள், இல்லன்னா 'மார்க்கம்'. சவுல் (பின்னாடி பவுல் ஆனவர்தான்) தமஸ்குவுக்கு இவங்களைக் கைது பண்ணக் கிளம்பும்போது யாரைத் தேடிப் போனான்னு நம்ம பழைய தமிழ் பைபிள்ல பாருங்க, 'இந்த மார்க்கத்தார்'னுதான் இருக்கும்.

கிறிஸ்தவன்ங்கிற பேர் வந்தது அந்தியோகியாவுல, இப்போ துருக்கியில இருக்கிற அந்தாக்யா. அப்போஸ்தலர் 11:26ல இருக்கு. அந்த வார்த்தையோட வால், அதாவது விகுதி, லத்தீன் வால், ஒருத்தரோட கோஷ்டிக்காரங்களைச் சொல்ற வால், ஏரோது ராஜாவோட ஆளுங்களை ஏரோதியர்னு சொன்ன மாதிரி. நம்ம ஊர்ல 'அவன் சேர்மன் ஆளு'ன்னு சொல்வோம்ல, அதே தொனிதான். அதனால இது வெளியில இருக்கிறவங்க ஒட்டின லேபிள்னுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க, எனக்கும் அதான் சரின்னு படுது. புதிய ஏற்பாடு முழுக்கத் தேடினாலும் இந்தச் சொல் மூணே இடத்துலதான் வருது, அதுல ஒண்ணு பவுலை விசாரிச்ச அகிரிப்பா ராஜா வாயில.

ரோம்ல அந்தப் பேரையும் ஒழுங்கா சொல்லல, கிறிஸ்தோஸை கிரேஸ்தோஸ்னு ஆக்கிட்டாங்க. கிரேஸ்தோஸ்னா கிரேக்கத்துல நல்லவன், உபயோகமானவன்னு அர்த்தம், அடிமைங்களுக்கு சகஜமா வைக்கிற பேரு. கிறிஸ்தோஸ்னா அபிஷேகம் பண்ணப்பட்டவர், அது அவங்களுக்குப் புரியல, ரேஷன் கார்டுல பேர் தப்பா விழுற கதைதான். கி.பி. 64ல ரோம் எரிஞ்சப்ப நீரோ பேரரசன் கிறிஸ்தவங்க மேல பழி போட்டதை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதினாரே, அதோட பழைய கையெழுத்துப் பிரதி ஃப்ளோரன்ஸ்ல இருக்கு, அதுல முதல்ல 'கிரெஸ்தியானோஸ்'னு எழுதி அப்புறம் யாரோ அந்த 'எ'வை சுரண்டி 'இ' ஆக்கியிருக்காங்க!

கி.பி. 112 வாக்குல பிளினின்னு ஒரு ரோமானிய கவர்னர் டிராஜன் பேரரசருக்கு லெட்டர் போட்டு, இவங்க தப்பு ஏதாவது செஞ்சாத்தான் தண்டிக்கணுமா, இல்ல அந்தப் பேரே குத்தமான்னு கேக்குறார். கேட்டுட்டு சும்மாவும் இருக்கல, நீ கிறிஸ்தவனான்னு மூணு தடவை கேட்டும் ஆமான்னு நின்னவங்களைக் கொல்லச் சொல்லிட்டாராம்.

இப்போ சர்ச். சுவிசேஷங்கள்ல 'சபை'ங்கிற சொல் மத்தேயுல மட்டும்தான், 16ஆம் அதிகாரத்துலயும் 18ஆம் அதிகாரத்துலயும். இயேசு கட்டடம் கட்டல, அமைப்பு விதி எழுதல, அது உறுதி. கிரேக்கத்துல அந்தச் சொல் எக்லேசியா, ஊர்க் குடிமக்கள் கூடிப் பேசுற கூட்டம், சாமி சமாச்சாரமே இல்ல. எபேசு பட்டணத்துல வெள்ளித் தட்டாருங்க கிளப்பின கலாட்டா இருக்கே, பாதி பேருக்கு எதுக்கு வந்தோம்னே தெரியாத கும்பல், அதுக்கும் மூலத்துல இதே சொல்தான், தமிழ்ல மட்டும் 'கூட்டம்'னு போட்டு நைசா தப்பிச்சுட்டாங்க. பழைய ஏற்பாட்டோட கிரேக்க மொழிபெயர்ப்புல இஸ்ரவேல் சபைக்கும் இதைப் போட்டிருந்ததால இவங்களுக்குக் கைக்கு வசதியா இருந்துச்சு. கூடினதெல்லாம் வீட்லதான், ஆக்கில்லா பிரிஸ்கில்லா வீட்டுச் சபைக்கு பவுல் வாழ்த்துச் சொல்றார் பாருங்க. சர்ச்ங்கிற இங்கிலீஷ் சொல் இதுல இருந்து வரல, அது 'ஆண்டவருடையது'ங்கிற வேற கிரேக்கச் சொல்.

இன்னொரு பேரும் இருந்துச்சு, நசரேயர். பவுல் மேல கேஸ் நடத்தின தெர்த்துல்லு வக்கீல் அவரை நசரேயர் கூட்டத்துக்கு 'முதலாளி'ன்னு சொல்லுவான் (பழைய தமிழ் பைபிள் வார்த்தை, படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்). அந்தப் பேர் சிரியாக் மொழி வழியா வந்து, கேரளாவுல தோமா கிறிஸ்தவங்க இன்னைக்கும் தங்களை நஸ்ராணின்னுதான் சொல்லிக்கிறாங்க.