1000 நானோமீற்றர் இறக்கம் மங்கினால் பைரொக்சீன் இல்லை என்றாகாது

சந்திரயான்-1 இன் நிறமாலைத் தரவில், நிலவின் அமைதிக் கடல் என்னும் சமவெளியின் பழைய மண்ணில், பைரொக்சீன் என்ற பாறைக் கனிமம் ஒளியை உட்கவர்வதால் 1000 நானோமீற்றர் அலைநீளத்தருகே தெரிய வேண்டிய இறக்கம் ஏறத்தாழத் தட்டையாகத் தெரிவதால் அங்கே பைரொக்சீன் இல்லை என்று அறிக்கையில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத வேண்டாம். கனிமம் இருக்கிறது, அதன் தடயம்தான் மங்கியிருக்கிறது.

விண்வெளிச் சிதைவே இதற்கு முதற்காரணமாக இருக்கும். நுண்விண்கற்களும் சூரியக் காற்றும் இடைவிடாது தாக்குவதால், மண்மணிகளின் மேல் நானோ அளவு உலோக இரும்புத் துகள்கள் கொண்ட மெல்லிய படலம் உருவாகி, மண்ணைக் கருமையாக்கி, நிறமாலையைச் செம்மைப் பக்கம் ஏறச் செய்து, உட்கவர் பட்டைகளை, அதாவது இத்தகைய இறக்கங்களை, ஆழமிழக்கச் செய்கிறது. கிளிநொச்சிக் கிரவல் சிவப்பதோடு இதை ஒப்பிட்டிருந்தீர்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள். நம்மூரில் நீரும் ஒட்சிசனும் இரும்பைத் துருவாக்குகின்றன. அங்கே இரும்பு ஒட்சிசனை இழந்து உலோகமாகிறது.

சரிபார்க்க, அதே சமவெளியில் வெண்கதிர்கள் விரியும் சிறிய, இளம் விண்கற்குழி ஒன்றின் சுவரிலிருந்து சில படப்புள்ளிகளை எடுங்கள். பட்டையின் இருபுறமும் உள்ள மேடுகளான தோள்களை, ஏறத்தாழ 750 இலும் 1500 நானோமீற்றரிலும், நேர்கோட்டால் இணைத்து, தெறிப்பை அக்கோட்டின் பெறுமானத்தால் வகுத்து, பழைய மண்ணோடு ஒப்பிடுங்கள். புதுச் சுவரில் இறக்கம் ஆழமாகத் தெரிந்தால், சிதைவு ஒரு காரணம் என்பது உறுதி.

ஒரு கவனம்: அமைதிக் கடலில் இல்மனைட் என்ற கருங்கனிமம் மிகுதி. கொக்கிளாய்க் கரையின் கருமணலில் நாம் காணும் அதே கனிமம்தான். அதுவும் ஒளியை விழுங்கிப் பட்டைகளை மங்கச் செய்வதால், மங்கலை முழுவதும் சிதைவின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 2000 நானோமீற்றருக்கு அப்பால் தரையின் வெப்பக் கதிர்வீச்சும் கலக்கும். அதை நீக்காமல், 2000 நானோமீற்றர் அருகே வரும் பைரொக்சீனின் இரண்டாம் பட்டையை அளக்க வேண்டாம்.